நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இது பழக்கமாயிடுமா டாக்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா மாத்திரைக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை போதை தருவதில்லை. சில வகை தரும். இந்த வேறுபாடு தெரியாததால்தான், தொடர வேண்டிய மருந்தைப் பாதியில் விடுகிறோம், விட வேண்டிய மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறோம்.

மூளையின் அடியாழத்தில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும் நரம்புப் பாதை ஒன்று இருக்கிறது. 'இதை மறக்காதே, மறுபடி தேடு' என்று பதிய வைப்பது அதன் வேலை. 1954இல் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தார்கள். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. மது, கஞ்சா, புகையிலை, ஹெராயின் எல்லாம் வெவ்வேறு வழியில் போனாலும் கடைசியில் இந்தப் பாதையைத்தான் தூண்டுகின்றன. எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு ஆழமாகப் பதியும். பீடிப் புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது.

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் மீண்டும் உறிஞ்சப்படுவதை அது சில மணி நேரத்திலேயே தடுக்கிறது. ஆனாலும் மனம் தெளிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் கிடைப்பது குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு. பலர் இந்த வாரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். போட்டவுடன் எந்த இன்பமும் தராத ஒன்றைத் தேடி யாரும் அலைய மாட்டார்கள்.

மதுவின் கதை வேறு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டை அடக்குகிறது. தினமும் இது நடந்தால் மூளை எதிர்ப்பக்கம் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் சட்டென்று கையை விட்டால் மறுபக்கம் மல்லாக்க விழுவார்களே, மதுவைத் திடீரென்று நிறுத்தும்போது நடப்பது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு குடித்தது விடிவதற்குள் தீர்ந்துவிடும். தினக்குடிகாரருக்குக் காலையில் காபி டம்ளர் நடுங்குவது அதனால்தான். அதற்கு மேலும் குடிக்காவிட்டால் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கப்போனால், காப்பாற்றக்கூடிய உயிர் போய்விடும்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்களும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். விரதம் மிக நல்ல தொடக்கம். அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர், அதிலும் முன்பு ஒருமுறை வலிப்பு கண்டவர், மாலை போடுவதற்கு முந்தின வாரமே மருத்துவரைப் பார்க்கட்டும். குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைத் தொடங்கி, தினம் தினம் குறைத்து, 5 முதல் 10 நாளில் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். முன்பு சொன்ன கயிறு இழுக்கும் போட்டியில், கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தும் வேலை இது.

நடுக்கம் என்றதும் பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. குடிப்பவர் உடலில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிக் கிடக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கிற மிச்சமும் தீர்ந்து, கண் அசைவு கோணி, நடை தள்ளாடி, நினைவாற்றலே நிரந்தரமாகப் போகலாம். தயமின் ஊசி முதலில், இல்லாவிட்டால் குளுக்கோஸோடு சேர்த்தாவது போட வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை.

இன்னொன்று எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி, டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலப்பது. மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு மேற்கொண்டு கரையாமல் இந்த மருந்து தடுக்கிறது. விஷயம் தெரியாத மனிதர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் பிழைப்பது கஷ்டம். அவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்க வேண்டிய மருந்து இது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடலில் வேலை செய்யும்.

தூக்க மாத்திரைக்கு வருகிறேன். அல்பிரசோலம், குளோனசெபாம் எல்லாம் மது தொடும் அதே காபாவைத்தான் தொடுகின்றன. 2 முதல் 4 வாரத்துக்கு மிக நல்ல மருந்து. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிப் போட்டால் பழக்கமாகும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். மாதக்கணக்கில் போட்டவர், இந்த உரையைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைப்பது நிதானமான கணக்கு.

மனச்சோர்வு மாத்திரையையும் படிப்படியாகவே விட வேண்டும். அது போதை என்பதால் அல்ல, மூளை அதற்கேற்பப் பொருந்தியிருப்பதால். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் ஓர் உணர்வு வரலாம். உடலைவிட்டு வேகமாக வெளியேறும் பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது அதிகம். வாரக்கணக்கில் தங்கும் ஃபுளுவாக்ஸெடினில் குறைவு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்துவிட்டுத்தான் குறைக்கவே ஆரம்பிக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ வேறு மருத்துவரிடமோ போகும்போது, போடுகிற மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, இந்த இரண்டையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் 108ஐ அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.