சிட்டியின் சிறந்த கோல்கீப்பர் யார்? கழுத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவோம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் கோல்கீப்பர்களைப் பற்றிப் பேச எழுந்தால் எல்லோரும் எதிர்பார்க்கும் கதை ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அப்போதுதான் மற்றதைப் பேச வழி பிறக்கும்.

1956ஆம் ஆண்டு மே 5ஆம் நாள். வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். பர்மிங்காம் சிட்டிக்கு எதிராக நம் அணி 3-1 என்று முன்னிலையில் இருக்கிறது. இன்னும் 17 நிமிடங்கள் பாக்கி. பர்மிங்காமின் பீட்டர் மர்ஃபி பந்தைத் துரத்திக்கொண்டு வருகிறார். நம் கோல்கீப்பர் பெர்ட் ட்ராட்மன் தலையை முன்னே நீட்டி அவர் காலடியில் பாய்கிறார். பந்து கைக்கு வந்துவிட்டது. மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் இறங்கிவிட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அன்று கிடையாது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண் மங்கிய நிலையிலும் மேலும் சில பந்துகளைத் தடுத்தார். சொந்த அணியின் டேவ் யூயிங்குடனேயே இன்னொரு முறை மோதினார். கோப்பையை வென்று, தலை ஒருபக்கம் சாய்ந்தபடியே பதக்கம் வாங்கினார். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கழுத்தெலும்புகளில் 5 இடம் பெயர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது.

கைதட்டலுக்கு நன்றி. எந்த அரங்கிலும் இந்த இடத்தில் கைதட்டல் விழும் என்பது தெரிந்ததுதான். என் வழக்கே அந்தக் கைதட்டலோடுதான்.

சிட்டி ரசிகர்கள் கூடி, எந்தக் காலத்திலும் நமக்கு வாய்த்த சிறந்த கோல்கீப்பர் யார் என்று வாதாடத் தொடங்கினால், மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் இந்தக் கழுத்தைத் தூக்கி நடுவில் வைப்பார். அதோடு வாதம் படுத்துவிடும். கழுத்து முறிந்தும் நின்றவனுக்கு மேல் யாரைச் சொல்வது? அது வீரத்துக்குச் சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோல் காக்கும் திறமைக்கு அதில் என்ன சாட்சி இருக்கிறது? அந்த 17 நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் அவர் ஆடிய 15 பருவங்கள் அந்த ஒரு கதைக்குள் புதைந்துபோய்விட்டன. ஆகவே இன்று மாலை முழுவதும் கழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எடைபோடப் போகிறேன். மற்றவர்களுக்கும் அதே சட்டம்தான். எவர் மீதும் ஒரே ஒரு கணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

ஃபிராங்க் ஸ்விஃப்டிலிருந்து தொடங்குகிறேன். 1933ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டார்பி கவுண்டிக்கு எதிராக முதன்முதலாக இறங்கினார். நான்கு மாதத்தில் வெம்பிளி. போர்ட்ஸ்மத்துக்கு எதிரான 1934 இறுதி ஆட்டத்தன்று புல்லெல்லாம் மழை ஈரம். கையுறை போடுவதா வேண்டாமா என்று 20 வயது இளைஞருக்குக் குழப்பம். எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். அனுபவசாலியான போர்ட்ஸ்மத் கோல்கீப்பர் வெறுங்கையோடு நிற்கிறார். சரி, நாமும் அப்படியே என்று இறங்கினார். போர்ட்ஸ்மத்தின் ரதர்ஃபோர்ட் அடித்த பந்து ஈரக் கையில் வழுக்கி உள்ளே போய்விட்டது. இடைவேளையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவரை, நான் இரண்டு போடுகிறேன், கவலையை விடு என்று ஃபிரெட் டில்சன் தேற்றினாராம். சொன்னபடியே இரண்டு போட்டார். கோலுக்குப் பின்னால் அமர்ந்திருந்த புகைப்படக்காரர்கள் மீதி நிமிடங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டே வர, இறுதி விசில் ஊதியதும் ஸ்விஃப்ட் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். தெளிந்து எழுந்துதான் மன்னரிடம் பதக்கம் வாங்கினார்.

பாருங்கள், நானே ஒரு கணத்தில் சிக்கிக்கொண்டேன். ஸ்விஃப்டின் பெருமை அந்த மயக்கத்தில் இல்லை. அவர் உள்ளங்கை அத்தனை அகலம். பந்தை ஒரே கையில் பற்றித் தூக்குவார். பந்து கைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடுக்களத்துக்கு உதைத்துத் தள்ளுவதே கோல்கீப்பரின் வேலை என்றிருந்த காலத்தில், ஆளைப் பார்த்து எறிந்தவர் அவர். 1936-37இல் சிட்டி முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோது 42 ஆட்டங்களிலும் அவர்தான் நின்றார். அடுத்த பருவத்தில் அதே அணி, அந்தப் பிரிவிலேயே அதிகமாக 80 கோல்கள் அடித்தும், கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. சாம்பியனாக இருந்துகொண்டே இறங்கும் விசித்திரம் சிட்டிக்குத்தான் கைவரும்.

ஸ்விஃப்டுக்கு 25 வயதில் போர் வந்தது. லீக் திரும்பத் தொடங்கியபோது 32. ஒரு கோல்கீப்பரின் கனிந்த ஆண்டுகள் முழுவதும் கணக்கில் வராமல் போய்விட்டன. 1948இல் டூரின் நகரில் இத்தாலியை 4-0 என்று வென்ற இங்கிலாந்து அணிக்கு அவர்தான் தலைவர். மறு ஆண்டே விலகிப் பத்திரிகையாளரானார். 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு செய்தி சேகரிக்கப் போன அவர் மியூனிக் விமான விபத்தில் இறந்தார்.

ஸ்விஃப்ட் விட்ட இடத்துக்கு 1949 அக்டோபரில் வந்தவர் ட்ராட்மன். ஜெர்மானியப் பாராசூட் படைவீரர். போர்க் கைதியாக லங்காஷயர் முகாமுக்கு வந்து, விடுதலையான பிறகும் இங்கிலாந்திலேயே தங்கியவர். மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நார்மண்டியில் போரிட்டுத் திரும்பிய அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட், இந்த உடைமாற்றும் அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி வரவேற்றார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு தனிமனிதனை அவன் நாட்டின் பாவத்துக்காகத் தண்டிக்காதீர்கள் என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாமுக்கு எதிராக ஆட்டம். தொடக்கத்தில் வசை. சிட்டி 0-1 என்று தோற்றது. ஆனால் முடிவில் இரு அணி வீரர்களும் இருபுறம் வரிசையாக நின்று கைதட்டி அவரை வழியனுப்பினார்கள். தோற்ற அணியின் கோல்கீப்பருக்கு அந்த மரியாதை! கழுத்துக் கதைக்கு ஆறு ஆண்டு முந்தைய சங்கதி இது. என் வழக்கில் முதல் சாட்சி அதுதான்.

இரண்டாவது சாட்சி அவருடைய கை. சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடிப் பழகிய கை. 1953இல் ஹங்கேரி வெம்பிளிக்கு வந்து இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப் போட்டுப் போனதைப் பார்த்து, சிட்டி ஒரு புதிய ஆட்டமுறையை எடுத்துக்கொண்டது. முன்கள வீரரான டான் ரெவி பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கி ஆட்டத்தைப் பிரித்துக் கொடுப்பார். பெயரே ரெவி திட்டம். புகழ் அவருக்குப் போயிற்று. ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் பந்து யாருடைய கையிலிருந்து புறப்பட்டது? ட்ராட்மன் குறிபார்த்து கென் பார்ன்ஸுக்கு எறிவார், அங்கிருந்து ரெவிக்கு. எதிரணி திரும்பி நிலைகொள்வதற்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியிருக்கும். 1955, 1956 என்று அடுத்தடுத்து இரண்டு இறுதி ஆட்டங்களுக்கு அணியைக் கொண்டுபோன வழி அது. 1956இல் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை எந்தக் கோல்கீப்பருக்கும் கிடைக்காத விருது. அதுவும் கழுத்து முறிவதற்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் ஆட்சேபணை வரும். 1957-58இல் சிட்டி வாங்கிய கோல்கள் 100. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் நின்றவர் இதே ட்ராட்மன்தானே? உண்மை. ஆனால் அதே பருவத்தில் நம் அணி அடித்தது 104. எல்லோரும் முன்னே ஓடிவிட, பின்னால் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் காவல்காரனைக் குறை சொல்வது என்ன நியாயம்? வாங்கிய கோல்களை மட்டும் எண்ணுகிறவர்கள் கோல்கீப்பரை அளப்பதில்லை. அவருக்கு முன்னால் நிற்கும் நால்வரை அளக்கிறார்கள். இன்றைய தலைமுறை கோல் வாங்காத ஆட்டங்களை எண்ணிப் பட்டியல் போடுவதும் அதே பிழைதான்.

அறுபதுகளை வேகமாகக் கடக்கிறேன். ஹாரி டௌட் 1964இல் பெரி அணிக்கு எதிராக விரல் முறிந்து முன்களத்துக்குப் போய், அங்கே கோலும் அடித்துச் சமன் செய்தார். 1968இல் லீக் பட்டம் வென்றபோது கென் மல்ஹர்ன். நல்ல கோல்கீப்பர்கள்தான், இந்த வரிசைக்கு வரமாட்டார்கள்.

ஜோ கோரிகன் வருவார். அவரைப் பற்றி நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கிடைப்பது அவருக்குத்தான். 1970 மார்ச்சில் மெயின் ரோடு மைதானத்தில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஆட்டம். தரை முழுக்கச் சேறு. கோரிகன் கையிலிருந்த பந்தை ஓங்கி உதைத்துவிட்டு, முதுகைக் காட்டித் தன் கோலை நோக்கி நடந்தார். அந்தப் பந்தை நடுக்களத்தில் நின்ற ரானி பாய்ஸ் தரையில் விழவிடாமல் அப்படியே திருப்பி அடித்தார். அது கோரிகனின் தலைக்கு மேலே பறந்து வலைக்குள் போனது. ஆட்டம் 1-5. வேறொருவராக இருந்தால் அந்த ஒரு கோலோடு பெயர் கெட்டு முடிந்திருக்கும். அடுத்த மாதமே வியன்னாவில் போலந்தின் கூர்னிக் சாப்ஷே அணியை 2-1 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை வாங்கிய அணியில் நின்றார்.

கதை அங்கேயும் சுபமாக முடியவில்லை. உடல் எடை, பார்வையாளர்களின் ஏளனம், 1973இல் ஸ்காட்லாந்திலிருந்து கீத் மக்ரேயை வாங்கி இவரை ஓரம் கட்டியது. விற்பனைப் பட்டியலிலேயே போட்டுவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. உடலைக் குறைத்து, இடத்தை மீட்டு, 600 ஆட்டங்களைத் தாண்டினார். 1981 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டாட்டன்ஹாமிடம் அணி தோற்றபோதும் கோரிகன் தனித்துத் தெரிந்தார். இங்கிலாந்துக்காக ஆடியது 9 ஆட்டங்கள் மட்டும். முன்னால் நின்றவர்கள் ஷில்டனும் கிளெமன்ஸும். வேறு எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் 50ஐத் தாண்டியிருப்பார் என்பது என் கணிப்பு.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 1991இல் டோனி கோட்டன் வெளியேற்றப்பட, முன்கள வீரர் நயல் க்வின் கையுறை மாட்டிக்கொண்டு டார்பியின் பெனால்டியைத் தடுத்தார். 1999 மே மாதம் மூன்றாம் பிரிவிலிருந்து மேலே ஏறும் இறுதி ஆட்டத்தில், ஜில்லிங்ஹாமுக்கு எதிரான பெனால்டிகளைத் தடுத்துவிட்டு 20 வயது நிக்கி வீவர் மைதானம் முழுக்க ஓடியதைப் பார்த்தவர்கள் அவருக்கே முதலிடம் கேட்பார்கள். மனம் அங்கே போகத்தான் செய்கிறது. ஆனால் நம் சட்டம் சட்டம்தான். 2005இல் டேவிட் ஜேம்ஸை முன்களத்துக்கு அனுப்பிப் பார்த்த கூத்தை நான் வாதத்துக்கே எடுக்கவில்லை.

ஜோ ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஷ்ரூஸ்பரியிலிருந்து வந்த பையன். இரண்டு பிரீமியர் லீக் பட்டங்கள், ஒரு பருவத்தில் அதிக ஆட்டங்களில் கோல் வாங்காதவருக்குத் தரும் தங்கக் கையுறை விருது நான்கு முறை. 2015இல் பார்சிலோனாவில் ஆட்டம் 0-1 என்று முடிந்தது. ஹார்ட் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2016இல் பயிற்சியாளராகக் குவார்டியோலா வந்தார், ஹார்ட் போனார். ஒரே கோடையில் அவருடைய கை பலவீனமாகிவிட்டதா? அளவுகோல் காலுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். சக வீரர் காலால் தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இலேயே வந்துவிட்டது. அதன் முழு விளைவு சிட்டிக்கு வந்து சேர 24 ஆண்டுகள் ஆயின. அந்த மாற்றத்தின் கசப்பை ஹார்ட் விழுங்கினார்; அவருக்கு அடுத்து வந்த கிளாடியோ பிராவோவும் விழுங்கினார்.

எடர்சன் 2017இல் பென்ஃபிகாவிலிருந்து வந்தார். ஆறு லீக் பட்டங்கள். 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக அவர் உதைத்த பந்து எல்லோர் தலையையும் தாண்டி அக்வேரோவின் காலடிக்குப் போய்க் கோலானது. அவரைப் பிடிக்காதவர்கள், முன்னால் டியாஸும் ரோட்ரியும் நிற்க யார்தான் நிற்கமாட்டார்கள் என்பார்கள். இஸ்தான்புல்லை நினைத்துப் பாருங்கள். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி, இன்டர் மிலானுக்கு எதிராக 1-0 என்று முன்னிலை. கடைசி நிமிடங்களில் கோலுக்கு மிக அருகிலிருந்து லுகாகு தலையால் முட்டிய பந்து எடர்சனின் காலில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடியும் கடைசிக் கணங்களில் கோசன்ஸ் முட்டியதையும் வெளியே தள்ளினார். இரண்டும் உள்ளே போயிருந்தால், ஒரே பருவத்தில் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்ற மும்மகுடம் ஏது? ஒரு கணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்றேன். ஆகவே இதை அவருடைய எட்டு ஆண்டுகளோடு சேர்த்தே சொல்கிறேன்.

என் வரிசை இது: ட்ராட்மன், எடர்சன், கோரிகன், ஸ்விஃப்ட். போர் வராமலிருந்தால் ஸ்விஃப்ட் இரண்டாவது. கழுத்தை ஒதுக்கி வைத்த பிறகும் ட்ராட்மன் முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. எடர்சன் செய்த வேலையை அவர் காலால் செய்யாமல் கையால் செய்தார். அதையும் எடர்சனுக்கு வாய்த்ததில் பாதிப் பாதுகாப்புகூட இல்லாத அணிகளுக்காக, 545 ஆட்டங்களில் செய்தார். இனி 2025 செப்டம்பரில் வந்திருக்கும் டொன்னரும்மா இருக்கிறார். காலைவிடக் கையை நம்புகிற ஆள். அவர் நிலைத்துவிட்டால் ஹார்ட்டின் வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி முதல் மனு போடுவது நானாகத்தான் இருக்கும்.

பின்வரிசையில் கோரிகனை மூன்றாவதாக வைத்ததற்கு முணுமுணுப்பு கேட்கிறது. ஒலிவாங்கி உங்கள் பக்கம் வருகிறது, ஐயா. எழுந்து சொல்லுங்கள்.