கேபிள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூ ஜெர்சியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கேபிள் இணைப்பை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். சீரியல், படம் எல்லாம் இணையத்தில் வந்துவிடுகின்றன. செப்டம்பர் பிறந்து அமெரிக்க ஃபுட்பால் பருவம் தொடங்கினால்தான் சிக்கல். பள்ளி விட்டு வந்த பிள்ளை, "ஜயன்ட்ஸ் மேட்ச் நம்ம டிவியில வராதாப்பா?" என்று கேட்கும். உடனே அப்பா, கேபிள் சேனல்களை இணையம் வழியே தரும் யூட்யூப் டிவி மாதிரி ஒரு சேவையில் சேர்ந்துவிடுவார். மாதம் 80 டாலருக்கு மேல். கேபிளை ஒழித்துவிட்டு அதையே வேறு பெயரில் திரும்ப வாங்கிய கணக்குதான்.

அதற்கு முன்னால் ஒரு ஆன்டெனா வாங்கிப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. வீட்டுக்குள் வைப்பது 20, 30 டாலருக்கே கிடைக்கிறது. அப்புறம் மாதச் சந்தா என்ற பேச்சே இல்லை. என்எஃப்எல் என்ற அந்த ஃபுட்பால் லீக்கின் ஆட்டங்களில் பெரும்பகுதி இன்னும் இலவச அலைவரிசைகளில்தான் வருகிறது. ஞாயிறு பகல் 1 மணி, 4 மணி ஆட்டங்கள் சிபிஎஸ், ஃபாக்ஸ் இரண்டிலும், ஞாயிறு இரவு ஆட்டம் என்பிசியிலும் வரும். திங்கள் இரவு ஆட்டங்களில் பல ஏபிசியிலும் வருகின்றன. இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் இலவசம்தான். படமும் தெளிவாக இருக்கும். இணையத்தில் பார்ப்பவருக்குப் பல நொடி தாமதமாக வருவது உங்களுக்கு முன்னாலேயே வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ டச்டவுன் என்று கத்தி உங்கள் ஆட்டத்தைக் கெடுக்க முடியாது.

இவ்வளவு பணம் புரளும் விளையாட்டு ஏன் இன்னும் இலவசமாக வருகிறது? 1961-க்குப் போக வேண்டும். எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் சேர்த்து ஒரே கையாக விற்க லீக் தலைவர் பீட் ரோசெல் ஒப்பந்தம் போட்டார். அணிகள் ஒன்றோடொன்று போட்டியிடாமல் கூட்டுச் சேர்வது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கூட்டு விற்பனைக்கு வழிவிடும் சட்டத்தில் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்டார். விளம்பரத்தில் ஓடும் இலவச ஒளிபரப்பை வைத்து எழுதிய சட்டம் அது. சந்தா வாங்கும் சேவைகளுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டா என்ற வழக்கு நம் காலம் வரை ஓடுகிறது. வெளியூர் ஆட்டங்களைக் காட்டும் சண்டே டிக்கெட் சேவை தொடர்பாக 2024-இல் நடுவர் குழு லீக்கை 470 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார்.

லீக்கிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் கேபிளுக்கோ இணையத்துக்கோ விற்கப்பட்டாலும், ஆடும் இரண்டு அணிகளின் ஊரிலும் ஏதாவது ஒரு இலவச நிலையம் அதைக் காட்டும். 2024 ஜனவரியில் கான்சஸ் சிட்டி, மயாமி அணிகளின் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆட்டத்தைப் பீகாக் என்ற சந்தா இணையச் சேவை மட்டும்தான் காட்டுகிறது என்று நாடே புலம்பியது. அந்த இரண்டு ஊர்க்காரர்களும் காசு கொடுக்காமல் பார்த்தார்கள். ஆகவே வியாழக்கிழமை அமேசானில் நம் வட்டார அணிகளான ஜயன்ட்ஸோ ஜெட்ஸோ ஆடினால் முதலில் உங்கள் ஆன்டெனாவில் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, பொருத்துவது எப்படி? எடிசனில் ஒரு நண்பர் வீட்டில் காகிதம் போல் தட்டையான ஆன்டெனாவை டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் வரும் 2, 4, 5 சேனல்கள் மூன்றும் அருமையாக வந்தன. ஏபிசி வரும் 7 மட்டும் சதுரம் சதுரமாக உடைந்தது. நியூயார்க்கில் அந்த நிலையம் இன்னும் பழைய விஎச்எஃப் அலைவரிசையிலேயே ஒளிபரப்புகிறது. அதன் அலை நீளமானது, தட்டை ஆன்டெனாவில் சரியாகச் சிக்காது. இரண்டு கம்பிகளை இழுத்து நீட்டும் பழைய பாணி ஆன்டெனாவை வாங்கி, வடகிழக்கே மன்ஹாட்டன் பக்கம் பார்க்கும் ஜன்னலில் வைத்தோம். டிவி அமைப்பில் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேனல் தேட விட்டோம். 7 வந்துவிட்டது.

பெட்டி மேல் "150 மைல்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். பூமி உருண்டை, 60, 70 மைலுக்கு அப்பால் பெரும்பாலும் கிடைக்காது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் உள்ளதும் கெடும். அடுக்குமாடி நிர்வாகம் பால்கனியில் ஆன்டெனா கூடாது என்று சொன்னால் அப்படியே தலையாட்டிவிட வேண்டாம். உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனியில் டிவி ஆன்டெனா வைக்கும் உரிமையை மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி வாடகைக்காரருக்கும் தருகிறது. எல்லோருக்கும் பொதுவான கூரைக்கு அது பொருந்தாது.

இதில் ஒரு குறை உண்டு. எந்த ஆட்டம் வர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. நியூயார்க் வட்டாரத்தில் ஜெட்ஸ் ஆடினால் ஜெட்ஸ்தான். 2010 பருவத்துக்குப் பிறகு பிளேஆஃப் வாசலையே மிதிக்காத அணி அது. டல்லாஸிலிருந்து குடிபெயர்ந்து வந்த கௌபாய்ஸ் ரசிகர் சண்டே டிக்கெட்டுக்குச் சில நூறு டாலர் எடுத்து வைக்கும் முன் அட்டவணையைப் பார்க்கட்டும். அந்த அணியின் ஆட்டங்களில் பல நாடு முழுக்க ஒளிபரப்பாகின்றன. கைபேசியில் பார்த்தாலே போதும் என்பவருக்கு லீக்கின் சந்தா சேவையான என்எஃப்எல் பிளஸ் இருக்கிறது. உள்ளூர் ஆட்டங்களும் இரவு ஆட்டங்களும் அதில் நேரலையாக வரும்.

பிளெயின்ஸ்பரோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு யோகம். பரணிலோ கூரையிலோ கொஞ்சம் பெரிய ஆன்டெனாவை வைத்துத் தென்மேற்கே திருப்பினால் ஃபிலடெல்ஃபியா நிலையங்களும் கிடைக்கும், அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் ஆட்டமும் வரும். அப்பா ஜயன்ட்ஸ், பிள்ளை ஈகிள்ஸ் என்று இருக்கும் வீட்டில் ரிமோட் யாருக்கு என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். வணக்கம்.