பழைய கணினி விளையாட்டை இன்னொருவரிடம் வாங்கினால் அதன் சிடி கீ நமக்கு வேலை செய்யுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். ஒரு நேயர், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து நான்கு பழைய கணினி விளையாட்டுகளை மொத்தமாக வாங்கியிருக்கிறார். பெட்டி, கையேடு, குறுந்தகடு, சிடி கீ (விளையாட்டைத் திறக்கக் கொடுக்க வேண்டிய குறியீடு) அச்சடித்த ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரண்டு விளையாட்டுகள் சிக்கல் இல்லாமல் ஓடுகின்றன. மூன்றாவதும் ஓடுகிறது, ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து ஆட இணையத்துக்குள் போனால், "இந்தக் கீ பயன்பாட்டில் இருக்கிறது" என்று தடுத்துவிடுகிறது. நான்காவது, நிறுவும்போதே இணையக் கணக்கு கேட்கிறது. கீயைக் கொடுத்தால், "வேறொரு கணக்கில் பதிவாகியிருக்கிறது" என்று கதவைச் சாத்திவிடுகிறது. "நான் ஏமாந்துவிட்டேனா? பணம் கொடுத்து வாங்கிய பொருள்தானே, இணையத்தில் கிடைக்கும் வேறு கீயைப் போட்டு ஆடினால் என்ன தவறு? சட்டம் யார் பக்கம்?" என்று கேட்கிறார்.

நான்கு பெட்டிகளிலும் இருப்பதை நாம் கீ என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. பழைய விளையாட்டை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "கீ இருக்கிறதா?" என்பதல்ல. "இந்தக் கீயைச் சரிபார்ப்பது யார், எங்கிருந்து சரிபார்க்கிறார்கள்?" என்பதைத்தான் கேட்க வேண்டும். இது தெரிந்துவிட்டால் உங்கள் நான்கு பெட்டிகளின் கதையும் விளங்கிவிடும்.

நன்றாக ஓடும் அந்த இரண்டிலிருந்து தொடங்குகிறேன். குறுந்தகடு பரவலாக வருவதற்கு முன்பு சில விளையாட்டுகள், "கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்ன?" என்று கேட்கும். கையேடு யாரிடம் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பின்னால் சிடி கீ வந்த பிறகும், பல காலம் சரிபார்ப்பு உங்கள் கணினிக்குள்ளேயே முடிந்துவிட்டது. 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வந்த அதன் கீ 13 இலக்க எண். முதல் 12 இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் 13-ஆவது இலக்கம் வர வேண்டும், அவ்வளவுதான். நிறுவும் நிரல் அந்தக் கணக்கு சரியாக வருகிறதா என்று மட்டும் பார்க்கும். அது யாருடைய கீ, இதற்கு முன் எத்தனை கணினிகளில் போடப்பட்டது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. இந்த வகை விளையாட்டுகள் கைமாறும்போது கீயும் முழுமையாகக் கைமாறிவிடும். உங்கள் முதல் இரண்டும் அப்படிப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவதில் நிலைமை சற்று மாறுகிறது. நிறுவுவது பழைய முறைதான், ஆனால் இணையத்தில் ஆடப் போகும்போது ஒரு சர்வர் உங்கள் கீயை வாங்கிப் பார்க்கிறது. அதே ஸ்டார்கிராஃப்ட், மற்றவர்களோடு ஆடுவதற்கான அதன் இணையச் சேவையான பேட்டில்.நெட்டுக்குள் நுழையும்போது இதைத்தான் செய்தது. ஒரே கீயில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். இரண்டாவது ஆள் வந்தால், கீ பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்வதோடு, பயன்படுத்துகிறவரின் பெயரையும் திரையில் காட்டிவிடும். அந்தப் பெயர், நிறுவும்போது அந்த ஆள் தன் கையால் தட்டச்சு செய்து கொடுத்த பெயர்! உங்கள் திரையிலும் ஏதாவது பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். விற்றவரின் பெயராக இருந்தால், அவர் குறுந்தகட்டை உங்களிடம் கொடுத்துவிட்டு, கணினியில் நிறுவியதை நீக்காமல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது, மறந்திருப்பார். மரியாதையாகக் கேட்டாலே நீக்கிவிடுவார்.

வேறு யாருடைய பெயராவது இருந்தால்? கீ எங்கோ கசிந்திருக்கிறது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய விளையாட்டுகளை விற்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பெட்டியைத் திறந்து, உள்பக்கத்தைப் படமெடுத்து விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் ஸ்டிக்கரில் இருக்கும் கீ முழுவதும் படிக்கக் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்த அத்தனை பேரும் அதை எழுதிவைத்துக்கொள்ளலாம். விற்பவரானால் கீயின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துப் படமெடுங்கள். வாங்குபவரானால், கீ தெரியும் விளம்பரத்தைக் கண்டதும் ஒதுங்கிவிடுங்கள். அந்தக் கீ கெட்டுப்போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான்காவது. உண்மையான வருத்தம் இதில்தான். 2004 நவம்பரில் ஹாஃப் லைஃப் 2 வெளிவந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கியவரும், விளையாட்டுகளை இணையம் வழியே தரும் ஸ்டீம் சேவையில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் கீயைப் பதிவு செய்த பிறகுதான் ஆட முடிந்தது. பதிவு செய்த அந்த நொடியில் கீ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நீங்கள் குறுந்தகட்டை யாருக்கு விற்றாலும் போவது குறுந்தகடு மட்டும்தான், விளையாட்டு முதல் ஆளின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. ஸ்டீமின் ஒப்பந்தம் கணக்கை விற்பதையும் மாற்றிக்கொடுப்பதையும் அனுமதிப்பதில்லை. இன்னொருவர் பயன்படுத்திய கீயை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரவும் மாட்டார்கள். உங்கள் நான்காவது பெட்டி இந்த வகையைச் சேர்ந்தது என்றே உறுதியாகச் சொல்வேன். "வேறொரு கணக்கில்" என்ற சொல்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு நடுவே இன்னொரு வகையும் இருந்தது. கணக்கில் ஒட்டாது, ஆனால் எண்ணிக்கையில் கட்டுப்பாடு இருக்கும். 2007-ல் வந்த பயோஷாக், கணினிப் பதிப்பில் முதலில் இரண்டு முறை மட்டுமே செயல்படுத்த (அதாவது, நிறுவியபின் கீயை இணையத்தில் சரிபார்த்துத் திறக்க) விட்டது. எதிர்ப்பு எழுந்ததும் ஐந்தாக்கினார்கள். 2008-ல் வந்த ஸ்போர் மூன்றில் தொடங்கியது, அதுவும் பின்னர் ஐந்தானது. இப்படிப்பட்ட ஒன்றை இரண்டாம் கையாக வாங்கும்போது, ஐந்தில் எத்தனை தீர்ந்துபோயிருக்கின்றன என்பதைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. விற்பவரிடம், "உங்கள் கணினியில் செயல்படுத்தியதை ரத்து செய்துவிட்டீர்களா?" என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

சட்டம் யார் பக்கம் என்று கேட்டீர்கள். ஒரே பக்கம் இல்லை. அமெரிக்காவில், வாங்கிய பிரதியை மறுபடியும் விற்கும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை ஈபேயில் விற்ற ஒருவரின் வழக்கில், 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவருக்கு அந்தப் பிரதிகளைத் தந்தவர் வாங்கியது பொருளை அல்ல, உரிமத்தை மட்டும்தான் என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் நேர் எதிராகச் சொன்னது: காலவரையறை இல்லாமல் விற்ற மென்பொருளை, தரவிறக்கம் செய்ததாக இருந்தாலும், மறுவிற்பனை செய்யலாம். விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட வேண்டும், அது நிபந்தனை. உங்கள் மூன்றாவது பெட்டியை விற்றவரிடம் நீங்கள் கேட்கப்போவதும் இதைத்தான். பிறகு பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் மறுவிற்பனைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. விளையாட்டு என்பது வெறும் நிரல் அல்ல, படம், இசை, கதை எல்லாம் சேர்ந்த படைப்பு, எனவே மென்பொருளுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்றார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை மட்டும் விற்கும் இணையக் கடைகள் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் இன்னும் இருபது ஆண்டுகள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். புத்தகம் போலப் பெட்டியில் அடைத்து, புத்தகம் போலக் கடையில் அடுக்கி விற்றார்கள். வாங்கியவர் அதைப் புத்தகம் போலவே கைமாற்றலாம் என்று நம்பியதில் எந்தத் தவறும் இல்லை.

ஆனாலும், "இணையத்தில் கிடைக்கும் கீயைப் போடலாமா?" என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். அந்தப் பட்டியல்களில் இருப்பது பெரும்பாலும் உங்களைப் போல் பணம் கொடுத்து வாங்கிய ஒருவரின் கீ. நீங்கள் அதைப் போட்டு உள்ளே போனால், அவர் திரையில் "பயன்பாட்டில் இருக்கிறது" என்று வரும். இன்று உங்களுக்கு நடந்த அதே கொடுமையை நீங்கள் இன்னொருவருக்குச் செய்கிறீர்கள். கீ உருவாக்கித் தருவதாகச் சொல்லும் சிறு நிரல்கள் இன்னும் ஆபத்து. வைரஸ் பரப்ப நினைப்பவர்களுக்கு அதைவிட வசதியான வேடம் கிடையாது. மலிவு விலையில் கீ மட்டும் விற்கும் தளங்களிலும் எச்சரிக்கை வேண்டும். திருட்டுக் கடன் அட்டையில் வாங்கிய கீ என்று பின்னால் தெரிந்தால் நிறுவனம் அதை ரத்து செய்துவிடும். விளையாட்டு உங்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. சில பழைய கீகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஸ்டார்கிராஃப்ட், டயாப்லோ 2, வார்கிராஃப்ட் 3 பெட்டிகளின் கீயை, அவற்றை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனத்தின் கணக்கில் பதிவு செய்து, இன்றைய கணினிக்கான தரவிறக்கமாகப் பெறும் வழியை அவர்கள் வைத்தார்கள். 1998-ன் ஹாஃப் லைஃப் பெட்டிக் கீயையும் ஸ்டீமில் சேர்க்க வழி செய்தார்கள். ஆனால் ஒரு முறைதான். ஆகவே இந்தப் பெட்டிகளை வாங்கும் முன், "இந்தக் கீயை எந்தக் கணக்கிலாவது சேர்த்திருக்கிறீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீயே சரியாக இருந்தும் விளையாட்டு ஓடாத நிலையும் உண்டு. பல பழைய குறுந்தகடுகளில் இருந்த, நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பாதுகாப்பை 2015-ல் வந்த விண்டோஸ் 10 ஏற்பதே இல்லை. அந்த நிரல் இயங்குதளத்தின் ஆழத்தில் உட்கார்ந்து பாதுகாப்பு ஓட்டையாக இருந்ததால் விலக்கிவிட்டார்கள். பல நிறுவனங்களின் விளையாட்டுகளை இணையத்தில் இணைத்துவந்த கேம்ஸ்பை சர்வர்கள் 2014 மே 31-ல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல விளையாட்டுகளுக்கு இணையத்தில் ஆடும் வழியே அடைபட்டது. இதையெல்லாம் விற்றவரின் குற்றமாக நினைத்துச் சண்டை போடாதீர்கள்.

கீ தவறு என்று வந்தால், முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு பெட்டியில், உறையின் உள்பக்கத்தில் இருந்த ஸ்டிக்கர் தேய்ந்து கடைசி எழுத்துகள் மங்கிப்போயிருந்தன. வெளியிட்ட நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதினேன். முதலில் வாங்கியவரின் ரசீது இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். மை போயிருந்தாலும் அச்சு அழுத்திய தடம் தாளில் நிழலாகத் தெரிந்தது. இரண்டு இடங்களில் மட்டும் அது 'பி'யா 8-ஆ என்று பிரியவில்லை. மொத்தம் நான்கு சேர்க்கைகள்தான், மூன்றாவதில் திறந்தது. இன்னொரு குறிப்பு: மைக்ரோசாஃப்ட் நீண்ட காலம் பயன்படுத்திய 25 எழுத்துக் கீயில் ஆங்கில உயிரெழுத்துகளே வராது. 0, 1, 5 ஆகிய எண்களும் வராது. படிக்கும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே விலக்கினார்கள். அந்த வகைக் கீயில் உங்களுக்கு 0 தெரிந்தால் அது 'டி'யாகவோ 'கியூ'வாகவோதான் இருக்கும்.

இனி உங்கள் பெட்டிகளுக்கு வருகிறேன். ஓடும் இரண்டு குறுந்தகடுகளையும் இந்த வாரமே கணினியில் முழுப் பிரதியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீயைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். மூன்றாவதற்கு விற்றவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "உங்கள் கணினியில் இது இன்னும் இருக்கிறதா? இருந்தால் நீக்கிவிட முடியுமா?" அவர் நீக்கிய பிறகும் அதே செய்தி வந்தால், தனியாக ஆடும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது பெட்டியின் விலையை மட்டும் திருப்பிக் கேளுங்கள். வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து அனுப்புங்கள், ஆனால் அந்தப் படத்தில் கீயை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.