பினாங்கில் விளக்கு வைத்த பிறகு

வணக்கம் நேயர்களே. மலேசியாவுக்குப் போகிற நம்மவர்கள் பலர் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை. இரண்டு இரவாவது பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் தங்குங்கள்.

முதல் இரவு ‘நாசி கண்டார்’ சாப்பாடு. மலாயில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் தடி வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. கடையில் பரிமாறுபவரிடம் ‘பஞ்சிர்’ என்று சொல்லிப்பாருங்கள். வெள்ளம் என்று பொருள். கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, அப்புறம் இன்னொரு பாத்திரத்தில் மோந்து மேலாக ஒரு சுற்று. சோறு மிதக்கும். மேலே முழு வெண்டைக்காய் இரண்டு. நம் வீட்டில் குழம்புக்குத் தனிச்சோறு, ரசத்துக்குத் தனிச்சோறு. இங்கே கலப்பில்தான் ருசியே.

ஒன்று மட்டும் கவனம். பெரிய இறால், மீன் தலை இவற்றைத் தட்டில் வைக்கும் முன்பே விலை கேளுங்கள். நான் கேட்காமல் ஓர் இறாலை எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுத்தேன்.

சைவக்காரர்கள் குவீன் தெருவுக்குப் போகலாம். 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலைச் சுற்றி இட்லி, தோசைக்குக் குறைவில்லை. சீனர்கள் பெருநெருப்பில் புரட்டித் தருகிற சார் குவே தியோ என்ற அரிசி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, வேண்டாதவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதுக்கூடம் தேடுபவர்களுக்கு லவ் லேனும் சூலியா தெருவும் இருக்கின்றன. அந்தச் சூலியா, அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். எனக்குப் பிடித்த இரவு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடையில்தான். நள்ளிரவு தாண்டியும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, தே தாரிக் என்ற பால் தேநீர் நுரை பொங்க ஆற்றப்படும். சர்க்கரை தூக்கலாக இருக்கும். ‘கூராங் மானிஸ்’ என்றால் குறைத்துப் போடுவார்கள்.

பொருள் வாங்க, ‘பத்து பெரிங்கி’ என்ற கடற்கரைப் பகுதியில் இரவுச் சந்தை உண்டு. பேரம் பேசாமல் வாங்காதீர்கள். ஆனால் ஊருக்குக் கொண்டுவர நான் வாங்குவது சௌராஸ்தா சந்தையில், காலை வேளையில். ஜாதிக்காயின் மேல் சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறப்போட்டது அங்கே கிடைக்கும். நாம் கொட்டையையும் பத்திரியையும்தானே அதிகம் பார்த்திருக்கிறோம். கடைக்காரர் ஒரு துண்டு கையில் தருவார். முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் மெல்லக் காரம் ஏறும். அதற்குப் பிறகு எவ்வளவு வாங்குவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.