பதிவேட்டில் யார் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் நிறவினம், இனக்குழு, பூர்வகுடி ஆகியவற்றை முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கான பேச்சு இது. மாணவர்கள் போராடிப் பெற்ற துறை இது. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. இதற்கெனத் தனிப் புலம் அங்கே அமைந்தது அதன் பிறகுதான்.

முதலாண்டில் பலர் மூன்றையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். எந்த வகைப்பாட்டைக் கண்டாலும், அதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்தியர்களையே எடுத்துக்கொள்வோம். 1923இல், அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், அவர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இந்திய வம்சாவளியினரை வெள்ளையராக எண்ணினார்கள். 1980இல்தான் கேள்வித்தாளில் 'ஆசிய இந்தியர்' என்ற தனிப் பிரிவு வந்தது. இது தெரியாமல் இரண்டு ஆண்டுகளின் அட்டவணையை ஒப்பிட்டால் கட்டுரை முழுதும் பிசகிவிடும். அந்தந்த ஆண்டின் கேள்வித்தாளை முதலில் படியுங்கள்.

பூர்வகுடி விஷயம் இன்னும் நுட்பமானது. அமெரிக்க அரசு அங்கீகரித்த, தன்னாட்சி உள்ள பழங்குடித் தேசங்களின் உறுப்பினர் என்பது அரசியல் தகுதி, நிறவினம் அல்ல என்று 1974இல் மார்ட்டன் எதிர் மன்காரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறுப்பினர் யார் என்பதை ஒவ்வொரு தேசமும் தானே வகுக்கிறது. நவஹோ தேசம் கால் பங்கு நவஹோ இரத்த உறவு கேட்கிறது. செரோக்கி நேஷனில் அப்படி அளவு கிடையாது. நூறாண்டுக்கு முன் அமெரிக்க அரசு தயாரித்த பழங்குடி உறுப்பினர் பட்டியலான டாஸ் பதிவேட்டில் பெயருள்ள முன்னோரின் நேர் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். மரபணுச் சோதனை முடிவைக் காட்டி யாரும் உறுப்பினராகிவிட முடியாது.

களஆய்வில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் 1990 முதல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும் முன்னோரின் இடப்பெயர்ச்சி பற்றிய ஆய்வுக்கும் போனது. அவர்கள் தொடுத்த வழக்கில், 2010இல் பல்கலைக்கழகத் தரப்பு 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்து சமரசம் செய்தது. ஆகவே பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலோடு நிற்காதீர்கள். நவஹோ தேசத்துக்குத் தனி ஆய்வு வாரியமே இருக்கிறது. வெளியிடும் முன் கட்டுரையையும் அது பார்க்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், இறுதியாண்டு ஆய்வென்றால் மூன்றாமாண்டிலேயே விண்ணப்பியுங்கள்.

நேரம் போதாவிட்டால் ஆவணங்களை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டாஸ் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தொகுப்பில் நிராகரிக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களும் உண்டு; அவற்றையும் தேடிப் படியுங்கள்.