கருவாட்டுப் பூனையும் மதுரை டாக்டரும் (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களுக்கு வணக்கம், எதிரணிக்கும் வணக்கம், சேர் கிடைக்காம பைக் மேல உக்காந்திருக்கிற தம்பிங்களுக்கு ரெண்டு வணக்கம். தொழில் உலகத்த நியாயமாக்கப் போறது சட்டமா, முதலாளி மனசா? நாங்க மனசு பக்கம். முன்னுரை முடிஞ்சது.

இப்ப பேசுன அண்ணன், முதலாளிகிட்ட நியாயத்த எதிர்பாக்குறது கருவாட்டுக்கு பூனைய காவல் வெச்ச மாதிரின்னாரு, நீங்களும் கைதட்டுனீங்க. ஏண்ணே, 'கருவாடு தின்னல் தடைச் சட்டம்'னு ஜிஓ போட்டு சுவத்துல ஒட்டுனா பூனை படிச்சுப் பாத்துட்டு தயிர்சாதம் சாப்பிடப் போயிருமா? சாயக்கழிவு கலந்து கெட்டுப்போன நொய்யல் ஆத்த காட்டுனீங்க, 2011ல சென்னை ஹைகோர்ட் சொல்லித்தான் திருப்பூர் சாயப்பட்டறைய மூடுனாங்க, சரி, ஒத்துக்கிறேன். பூட்டு போட்டது கோர்ட்டு. சாயத்தண்ணிய சுத்தம் பண்ணி மறுபடி தொட்டிக்கே விடுற வேலைய கோர்ட்டா வந்து செஞ்சுச்சு? பட்டறைக்காரங்கதானே!

அந்தப் பூனை இருக்கட்டும், மதுரைக்கு வாங்க. டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்துல கை விரலெல்லாம் கோணிப்போன மனுசன், அந்தக் கையாலயே கத்தி பிடிச்சு லட்சம் ஆபரேஷன் பண்ணவரு, 58 வயசுல ரிடையர் ஆகி 1976ல வெறும் 11 பெட்டோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிக்கிறாரு. அவரு அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் கடைய பாக்குறாரு. நாம போனா என்ன பாப்போம்? விலைய பாப்போம், ரூபாயில பெருக்குவோம், வெளிய வந்துருவோம். இவரு பாக்குறாரு, எந்த ஊரு கடையிலயும் அதே வேகம், அதே தரம், இதே மாதிரி கண் ஆபரேஷன் பண்ணா என்ன? பின்னாடி கேக்கலயாம், திரும்ப சொல்றேன், பர்கர பாத்துட்டு கண்ணு ஞாபகம் வந்த ஒரே ஆளு நம்ம மதுரைக்காரருய்யா! ஒரு டேபிள்ல ஆபரேஷன் முடியுறப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்தவரு ரெடியா படுத்திருப்பாரு, காசு கட்டுறவங்க பணத்துல கட்ட முடியாதவங்களுக்கும் வைத்தியம், ரெண்டு பேருக்கும் அதே டாக்டருங்க. புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் செய்ய 1992ல ஆரோலேப்னு கம்பெனியும் போட்டாங்க, 100 டாலர் அளவுல வெளிநாட்டுலேர்ந்து வந்த லென்ஸ் 10 டாலருக்கு எறங்குச்சு. எந்தச் சட்டம்ணே எறக்குச்சு?

அது டிரஸ்ட்டு, முதலாளி கணக்குல வராதுங்கிறாரு அண்ணன். டிரஸ்ட்டுதான், ஆனா உண்டியல நம்பி ஓடலயே, காசு கட்டுற நோயாளி வருமானத்துலதானே ஓடுது?

எங்க அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. எங்க வீட்டுல அப்ப பைசா இல்ல. ஊருக்கு வந்த அரவிந்த் இலவச முகாம்ல பாத்து பஸ்ல ஏத்திட்டுப் போனாங்க, சோறும் போட்டு ஆபரேஷனும் பண்ணி அனுப்புனாங்க. வந்து எறங்குன கெழவி என் மூஞ்சியப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "ஏய்யா, நீ இம்புட்டுக் கறுப்பா?"ன்னா. சிரிக்காதீங்க, நான் அன்னைக்கு அழுதுட்டேன். அண்ணன் இப்ப எந்திரிச்சு, அதுக்கும் அரசாங்கத் திட்டம் இருக்குன்னு புள்ளிவிவரம் சொல்லுவாரு, சொல்லட்டும், என்கிட்ட புள்ளிவிவரம் இல்ல, அப்பத்தாதான் இருந்தா.

மணி ரெண்டு தடவ அடிச்சிட்டீங்க நடுவரே, உக்காந்துக்கிறேன், தீர்ப்ப மட்டும் பாத்து சொல்லுங்க. வணக்கம்.