மஞ்சள் பக்கம் பச்சையாக இன்னொருவர் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, வணக்கம்.

'வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் கிடைப்பது தனிமையில் தன்னைத் தேடுவதாலா, தொழில்நுட்பம் கூட்டிவைக்கும் சமூகத்தோடு சேர்ந்து உழைப்பதாலா?' இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது பக்கம். எதிரணித் தலைவர் சற்று முன் சொன்னார்: "கைபேசியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்காருங்கள். எதற்காகப் பிறந்தோம் என்பது உள்ளிருந்தே கேட்கும்." கேட்க இதமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் அப்படி உட்கார்ந்து பார்த்தார், ஐயா. என் அம்மா.

34 வருஷம் ஆசிரியை. ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்துத் தயாராகி, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தியானம் செய்தார், நாட்குறிப்பு எழுதினார். ஒரு வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்: "உள்ளே போய்ப் பார்த்தேன்டா. அங்கயும் நான் மட்டும்தான் இருக்கேன்."

அப்புறம்தான் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தைக் காட்டினேன். பழைய நூல்களின் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றியிருப்பார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது கணினியின் வேலை. அதற்குப் பல நேரம் துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாது. 'பாடல்' என்பதைப் 'பரடல்' என்று எழுதி வைத்துவிடும். ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து. வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த ஒரு மனிதக் கண் வேண்டும். 34 வருஷம் சிவப்பு மைப் பேனா பிடித்த கை, 'பரடல்' என்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா?

அங்கே உள்ள ஒரு விதியைத்தான் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். சரிபார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். பச்சையாக வேண்டுமானால் இன்னொருவர் வந்து படிக்க வேண்டும். தான் மஞ்சளாக்கியதைத் தானே பச்சையாக்க அந்த மென்பொருள் விடாது! முதல் பக்கம் மஞ்சளான அன்று இரவு அம்மா மூன்று தடவை எழுந்து பார்த்தார். விடிகாலையில் பச்சை. யாரோ ஒருவர், அவருக்கு அப்போது பகலோ இரவோ, அம்மா விட்டிருந்த ஒரே ஒரு மெய்ப்புள்ளியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அம்மா அடுத்த பக்கத்தைத் திறந்தார். ஒரு வருஷத் தியானம் தராத அந்த முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர், "நோக்கம் முதலில் வரட்டும், கூட்டம் பின்னால் தானாக வரும்" என்றார். எப்போதும் அப்படி நடப்பதில்லையே! 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஹெல்சிங்கி மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் இருக்காது என்றும் சேர்த்தே எழுதினார். உலகத்தை மாற்றும் நோக்கம் அந்தக் கடிதத்தில் எங்கே இருக்கிறது? உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான். பதில்கள் வந்தன, திருத்தங்கள் வந்தன. லினக்ஸ் என்ற அந்த இயங்குதளம் அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. இன்று ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் அதன் கருநிரல், அதாவது மையப் பகுதி, ஓடுகிறது.

"முகம் தெரியாதவர்களோடு என்ன சமூகம்?" என்றும் ஒரு கேள்வி வந்தது. இது என்னைக் கொஞ்சம் வருத்தியது. பார்வைக் குறைபாடுள்ள ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்ற டென்மார்க்காரரின் யோசனையில் பிறந்த 'பீ மை ஐஸ்' செயலி 2015-இல் வெளிவந்தது. பார்வையற்ற ஒருவர் காணொளியில் அழைப்பார். பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் எடுப்பார். "இந்த மருந்து காலாவதி ஆகிவிட்டதா, பாருங்களேன்." "கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... ஆகலைங்க, இன்னும் நாளிருக்கு." ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெயர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் தன் கண் எதற்கு என்பது எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சமூகம் இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

கைபேசித் திரையைக் கட்டை விரலால் தள்ளித் தள்ளியே இரவைத் தொலைக்கிறோம் என்று எதிரணி சொன்னதை நான் மறுக்கவில்லை. நானும் தொலைத்தவன்தான். அங்கே நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கத்தான் சொல்கிறார்கள், ஐயா. ஒரு வேலையும் தருவதில்லை. யாரும் நமக்காகக் காத்திருப்பதில்லை. திருத்தாமல் சிவப்பாக நிற்கும் பக்கம் காத்திருக்கிறது, அடித்துக்கொண்டிருக்கும் அழைப்பு காத்திருக்கிறது. சும்மா தள்ளிப் பார்ப்பதையும் இப்படிச் சேர்ந்து உழைப்பதையும் ஒரே தராசில் வைத்தது சரியில்லை.

இன்று நான் கிளம்பும்போது அம்மா திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசி முடிச்சதும் நேரா வந்துடு. 87-ஆம் பக்கத்துல ஒரு சொல் பிடிபடல, உன் கண்ணும் வேணும்" என்றார். அதனால் நடுவர் அவர்களே, எனக்கு விடை கொடுங்கள். நன்றி, வணக்கம்.